ஒத்தையா ரெட்டையா: ஹார்ட் டிஸ்குகளைக் கட்டி மேய்த்த கதை

ரெய்டு என்றதும் காலங்கார்த்தால வாசலில் வந்து நிற்கும் வருமான வரித்துறை கார்கள் ஞாபகம் வந்தால், மன்னிக்கணும். இது வேற ரெய்டு. நாலைந்து ஹார்ட் டிஸ்குகளைச் சேர்த்துக் கட்டி, கம்ப்யூட்டரிடம் போய் "இது ஒரே டிஸ்க்தான்" என்று சத்தியம் பண்ணுகிற வித்தைக்கு அந்தப் பெயர். பொட்டி தட்டும் மக்களுக்கு இது தினப்படி சமாச்சாரம். மற்றவர்களும் பயந்து ஓட வேண்டாம். இதில் இருக்கிற கணக்கு நாம எல்லாரும் சின்ன வயசுல புளியங்கொட்டை வச்சு விளையாடினதுதான்.

இந்தப் பழைய கதையைக் கிளறுவதற்கு ஒரு காரணம் இருக்கு. "என்கிட்ட ரெய்டு இருக்கு, எனக்கு எதுக்கு பேக்கப்பு?" என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இன்னும் நம்மிடையே நிறைய பேர். அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது? எதுவரைக்கும் செல்லும்? அது தெரியணும்னா 1988-ல் வந்த ஒரு கட்டுரையையும், அதற்குள் இருந்த ஒரு சின்னக் கணக்கையும் பார்க்கணும். ரெய்டின் முழு வரலாறும் அந்தக் கணக்கில் ஒளிந்திருந்த நம்பிக்கைகள் ஒவ்வொன்றாக உடைந்த கதைதான்.

கொசுவத்தி சுத்தட்டும்...

பெரிய அண்டா காலம்

1956-ல் ஐபிஎம் வெளியிட்ட ராமக் 305 என்ற கம்ப்யூட்டரோடு வந்ததுதான் உலகத்தின் முதல் வர்த்தக ஹார்ட் டிஸ்க். ஒரே அச்சில் 50 தட்டுகள். ஒவ்வொரு தட்டும் 24 அங்குல விட்டம், அதாவது நம்ம வீட்டுப் பெரிய தாம்பாளம் சைஸ். எடை ஒரு டன்னுக்கு மேல். இவ்வளவு பெரிய பூதத்துக்குள் கொண்டது 50 லட்சம் எழுத்துகள். இன்றைக்கு போனில் எடுக்கும் ஒரு நல்ல போட்டோ அதற்குள் அடங்காது.

அடுத்த முப்பது வருஷமும் பெரிய கம்பெனிகளின் போக்கு இதுதான்: டிஸ்கைப் பெரிசாக்கு, வேகமாக்கு, பத்திரமாக்கு, விலையையும் ஏத்து. கல்யாண வீட்டு அண்டா மாதிரி ஒரே பாத்திரத்தில் ஊருக்கே சமையல். அண்டா ஓட்டையானால் ஊரே பட்டினி.

ஓட்டையானால் என்ன செய்வது என்று யோசித்தவர்களும் இருந்தார்கள். 1974-ல் ஜேம்ஸ் டிரெய்பிக் தொடங்கிய டாண்டம் நிறுவனம், 1976-ல் 'நான்ஸ்டாப்' என்ற பெயரில் நிற்கவே நிற்காத கம்ப்யூட்டரை விற்க ஆரம்பித்தது. வங்கிகள்தான் முக்கிய வாடிக்கையாளர்கள். அதில் எல்லாமே ரெண்டு ரெண்டு. எழுதுவதையெல்லாம் ரெண்டு டிஸ்கில் ஒரே நேரத்தில் எழுதிவிடும். ஒன்று போனால் இன்னொன்று. சுலபம், நம்பகம், ஆனா செலவு ரெட்டிப்பு. வங்கிக்குக் கட்டுப்படியாகும், நமக்கு?

அடுத்த வருஷமே, 1977-ல், ஐபிஎம்மில் இருந்த நார்மன் கென் ஊச்சி என்பவர் இன்னும் சிக்கனமான ஒரு வழிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். முழுப் பிரதி வேண்டாம், தொலைந்ததைக் கணக்குப் போட்டு மீட்கும் அளவுக்குக் கொஞ்சம் கூடுதல் தகவல் வைத்தால் போதும் என்பது அவர் யோசனை. 1978-ல் காப்புரிமையும் கிடைத்தது. அதாவது ரெய்டு என்ற பெயர் பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்னாடியே சரக்கு தயார். பேர் வைக்கத்தான் ஆள் இல்லை.

பெர்க்லியில் மூன்று பேர்

எண்பதுகளில் பர்சனல் கம்ப்யூட்டர் வந்து ஆட்டத்தைக் கலைத்தது. வீட்டுக் கம்ப்யூட்டருக்காகச் சின்னச் சின்ன டிஸ்குகள் லட்சக்கணக்கில் தயாராக ஆரம்பித்தன. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டேவிட் பேட்டர்சன், ராண்டி காட்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்களும், கார்த் கிப்சன் என்ற ஆராய்ச்சி மாணவரும் இதைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களின் கவலை இதுதான். கம்ப்யூட்டரின் மூளை வருஷத்துக்கு வருஷம் வேகமெடுக்கிறது. டிஸ்க் மட்டும் மாட்டு வண்டி. 1971-லிருந்து 1981 வரை பத்து வருஷத்தில், விலை உயர்ந்த ஐபிஎம் டிஸ்குகள்கூட தகவல் இருக்கும் இடத்தைத் தேடிப் போகும் வேகத்தில் இரண்டு மடங்குதான் முன்னேறியிருந்தன. இப்படியே போனால், மூளை எவ்வளவு வேகமாக யோசித்தாலும் டிஸ்குக்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அவர்கள் ஒப்பிட்ட இரண்டு டிஸ்குகளைப் பாருங்க. ஒரு பக்கம் ஐபிஎம் 3380: 7,500 மெகாபைட் கொள்ளளவு, 14 அங்குலத் தட்டுகள், 6,600 வாட் மின்சாரம். இன்னொரு பக்கம் கானர் நிறுவனத்தின் சிபி 3100: 100 மெகாபைட், மூன்றரை அங்குலம், வெறும் 10 வாட். ஒரு மெகாபைட்டுக்கு ஆகும் விலையிலும் சின்னதுதான் மலிவு. 75 சின்ன டிஸ்குகளைச் சேர்த்தால் அதே கொள்ளளவு, கிட்டத்தட்ட 12 மடங்கு வேகம், மின்சாரமும் மிச்சம். ஒரு யானையை வைத்துத் தேர் இழுப்பதற்குப் பதில் ஊர் கூடி வடம் பிடிக்கிற கதை.

ஆனா ஒரு சிக்கல். கூட்டத்தில் ஆள் அதிகமானால் யாராவது ஒருத்தருக்கு உடம்பு சரியில்லாமல் போகும் வாய்ப்பும் அதிகமாகும். ஒரு டிஸ்கின் சராசரி ஆயுள் 30,000 மணி நேரம், மூணு வருஷத்துக்கு மேல். அப்படிப்பட்ட 100 டிஸ்குகளைச் சேர்த்தால், ஏதோ ஒன்று சாவதற்குச் சராசரியாக 300 மணி நேரம்தான். ரெண்டு வாரம்கூட இல்லை! மாசத்துக்கு ரெண்டு தடவை எல்லாத் தகவலும் போச்சுன்னா எந்தக் கம்பெனி சும்மா இருக்கும்?

ஆக, சேர்த்தால் மட்டும் போதாது. ஒன்று செத்தாலும் தாங்குகிற மாதிரி சேர்க்கணும். 1987 கடைசியில் பல்கலைக்கழக அறிக்கையாகவும், 1988-ல் சிகாகோவில் நடந்த சிக்மாட் மாநாட்டுக் கட்டுரையாகவும் இது வெளியானது. 'மலிவான டிஸ்குகளின் மிகைக்காப்பு அணிகள்' என்று தலைப்பை மொழிபெயர்க்கலாம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ரெய்டு. கண்ணாடிப் பிரதி வைப்பதில் தொடங்கி ஐந்து வழிகளை வரிசைப்படுத்தி, ஒன்று முதல் ஐந்து வரை எண் கொடுத்தார்கள். புதுசாகக் கண்டுபிடித்ததைவிட, அங்கங்கே சிதறிக் கிடந்ததற்குப் பேரும் நம்பரும் கணக்கும் கொடுத்ததுதான் இவர்களின் பெரிய வேலை. எதிரணிக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள்: ஸ்லெட். தனியாக நிற்கும் பெரிய காஸ்ட்லி டிஸ்க் என்று அர்த்தம். குசும்பு! :-)

புளியங்கொட்டை வித்தை

சரி, ஒன்று செத்தாலும் எப்படித் தாங்கும்? இப்ப விளையாட்டுக்கு வருவோம்.

மூணு பேர் கையை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு புளியங்கொட்டை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நாலாவதாக ஒரு கணக்குப்பிள்ளை எல்லார் கையையும் பார்த்துட்டு, மொத்தம் ஒத்தையா ரெட்டையா என்று மட்டும் ஒரு சீட்டில் எழுதி வச்சுக்கிறார். இப்ப முதல் ஆள் எழுந்து போயிட்டார். மிச்ச ரெண்டு பேரும் கையைத் திறக்கிறாங்க. ஒருத்தர்கிட்ட ஒரு கொட்டை, இன்னொருத்தர்கிட்ட எதுவும் இல்லை. சீட்டில் 'ரெட்டை' என்று இருக்கு. அப்போ போனவர் கையில் கண்டிப்பாக ஒரு கொட்டை இருந்திருக்கணும்!

அவ்வளவுதான் மக்களே. கொட்டை இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. டிஸ்கில் இருக்கும் ஒவ்வொரு பிட்டுக்கும் இதே விளையாட்டு. இதற்குப் பெயர் பேரிட்டி. மூணு டிஸ்க் தகவலைக் காப்பாற்ற ஒரே ஒரு டிஸ்க் கூடுதல். பத்து டிஸ்குக்கும் ஒன்றே போதும். டாண்டம் மாதிரி ரெட்டிப்புச் செலவு இல்லை.

இப்ப வகைகளைப் பார்த்திடலாம்.

காப்பே இல்லாமல் சும்மா வரிசையாக ஒட்டினால் அது 'ஜேபாட்'. முதல் டிஸ்க் நிறைந்ததும் அடுத்தது. பெயரின் அர்த்தமே 'சும்மா ஒரு டிஸ்க் குவியல்' என்பதுதான். தகவலைத் துண்டு துண்டாக்கி எல்லா டிஸ்கிலும் ஒரே நேரத்தில் எழுதினால் ரெய்டு 0. செம வேகம், ஆனா ஒன்று போனால் மொத்தமும் போச்சு. மூலக் கட்டுரையில் இந்த 0 கிடையாது, பின்னாடி வந்து ஒட்டிக்கொண்டது. காப்பு பூஜ்யம் என்பதால் பெயர் பொருத்தம்தான்.

ரெய்டு 1 கண்ணாடிப் பிரதி. ரெய்டு 2, 3 ரெண்டும் சீக்கிரமே அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. ரெய்டு 4 நம்ம கணக்குப்பிள்ளை முறை: பேரிட்டிக்கென்று ஒரு தனி டிஸ்க். இதில் என்ன வம்பு என்றால், யார் கையில் கொட்டை மாறினாலும் கணக்குப்பிள்ளை எழுந்து சீட்டைத் திருத்தணும். பத்து பேர் சும்மா இருக்க, அவர் மட்டும் நாக்குத் தள்ளிப் போவார். அதனால் வந்தது ரெய்டு 5: ஒரு கட்டத்துக்கு நீ கணக்குப்பிள்ளை, அடுத்த கட்டத்துக்கு நான் என்று முறை போட்டுக்கொள்வது. பேரிட்டி எல்லா டிஸ்கிலும் சுழன்று வரும்.

அப்படியும் ஒரு செலவு குறையவில்லை. ஒரு சின்னத் திருத்தத்துக்கு பழைய தகவலைப் படி, பழைய பேரிட்டியைப் படி, புதுத் தகவலை எழுது, புதுப் பேரிட்டியை எழுது என்று நாலு வேலை. அதுவும் தகவலை எழுதிவிட்டு பேரிட்டியை எழுதுவதற்குள் கரண்ட் போனால்? சீட்டு ஒன்று சொல்லும், கைகள் வேறு சொல்லும். 'ரைட் ஹோல்' என்பார்கள். இதற்காகத்தான் விலை உயர்ந்த ரெய்டு கார்டுகளில் சின்னதாக ஒரு பேட்டரி இருக்கும். எழுதி முடிக்காத தகவலை கரண்ட் வரும் வரை மடியில் கட்டிக் காப்பது அதன் வேலை.

90 வருஷ நிம்மதி

இப்ப அந்தச் சின்னக் கணக்கு. ஒன்று செத்தால் பரவாயில்லை, மாற்றிப் போட்டு பேரிட்டியை வைத்து மீட்டுவிடலாம். மீட்டு முடிப்பதற்குள் அதே குழுவில் இரண்டாவது ஒன்று செத்தால்தான் ஆபத்து. மீட்க ஒரு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொண்டார்கள். பத்துக்கு ஒன்று கூடுதல் என்ற விகிதத்தில் 100 டிஸ்குகளை அடுக்கினால், தகவல் தொலைவதற்கு ஆகும் சராசரிக் காலம் 8,20,000 மணி நேரம். 90 வருஷத்துக்கு மேல்! காப்பில்லாமல் ரெண்டு வாரம், காப்போடு 90 வருஷம். யாருக்குத்தான் ஆசை வராது? தொழில்துறை அப்படியே அள்ளிக்கொண்டது. தொண்ணூறுகள் முடிவதற்குள் அந்தப் பெரிய அண்டாக்கள் காணாமலே போய்விட்டன. டிஸ்கைக் கண்டுபிடித்த ஐபிஎம்மே 2003-ல் தன் டிஸ்க் வியாபாரத்தை ஹிட்டாச்சியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கியது.

ஆனா அந்தக் கணக்குக்குள் சில நம்பிக்கைகள் உட்கார்ந்திருந்தன. பழுதை ஒரு மணி நேரத்தில் சரி செய்துவிடலாம். ஒரு டிஸ்கின் சாவுக்கும் இன்னொன்றின் சாவுக்கும் சம்பந்தமில்லை. செத்த டிஸ்க், தான் செத்துவிட்டதைச் சொல்லும். மூன்றும் உடைந்தன.

முதல் விரிசல்: ஒரு மணி நேரம்

100 மெகாபைட் டிஸ்கை மீட்க ஒரு மணி நேரம் தாராளம். இன்றைக்கு 20 டெராபைட் டிஸ்க் கடையில் கிடைக்கிறது. விநாடிக்கு 250 மெகாபைட் வேகத்தில் இடைவிடாமல் எழுதினாலும் 22 மணி நேரம் ஆகும். நடைமுறையில் மற்ற வேலைகளும் நடந்துகொண்டிருப்பதால் நாள்கணக்கில் இழுக்கும். கொள்ளளவு வளர்ந்த வேகத்தில் படிக்கும் வேகம் வளரவில்லை. அந்த நேரம் முழுக்க மிச்ச டிஸ்குகள் முழு மூச்சாக ஓடிக்கொண்டிருக்கும், காப்பு எதுவும் இல்லாமல்.

போதாக்குறைக்கு இன்னொன்று. சாதாரண டிஸ்குகளின் விவரக்குறிப்பில், இத்தனை பிட் படித்தால் ஒன்று படிக்க முடியாமல் போகலாம் என்று தயாரிப்பாளரே போட்டிருப்பார்: 1-க்குப் பின்னால் 14 பூஜ்யம். கணக்குப் போட்டால் 12.5 டெராபைட். 4 டெராபைட் டிஸ்குகள் நாலை ரெய்டு 5-ஆகக் கட்டி, ஒன்று போனால், மீட்பதற்கு மிச்ச மூன்றையும் முழுசாகப் படிக்கணும். 12 டெராபைட்! 2007-ல் ராபின் ஹாரிஸ் என்பவர் இதை வைத்து, 2009-ல் ரெய்டு 5 வேலை செய்யாது என்று எழுதி எல்லார் வயிற்றிலும் புளியைக் கரைத்தார். டிஸ்குகள் பெரும்பாலும் குறிப்பில் சொன்னதைவிட நன்றாகவே உழைப்பதால் அவ்வளவு மோசம் ஆகவில்லை. ஆனாலும் சரியான இடத்தில்தான் விரலை வைத்தார்.

பதில்: ரெய்டு 6. ரெண்டு கணக்குப்பிள்ளைகள். ஒருத்தர் ஒத்தையா ரெட்டையா பார்ப்பார், மற்றவர் வேறு கணிதம் போடுவார். எந்த ரெண்டு டிஸ்க் போனாலும் மீட்கலாம். அந்த இரண்டாவது கணக்குக்குப் பெரும்பாலும் கைகொடுப்பது 1960-ல் ரீட், சாலமன் என்ற இருவர் எழுதி வைத்த கணிதம். பாட்டன் நட்ட புளியமரம் பேரனுக்குப் பழம் கொடுத்த கதை.

இரண்டாவது விரிசல்: தனித்தனிச் சாவு

இங்கேதான் எனக்குப் பிடித்த வேடிக்கை. ரெய்டின் விரிவாக்கத்தில் முதலில் இருந்த சொல் 'மலிவான'. இதை லட்சக்கணக்கான டாலருக்கு விற்க ஆரம்பித்த கம்பெனிகளுக்கு அந்தச் சொல் உறுத்தியது. முதலெழுத்து மாறாமல் 'தனித்து இயங்கும்' என்று பொருள்படும் சொல்லைப் போட்டுக்கொண்டார்கள். உண்மையில் டிஸ்குகளிடம் இல்லாத குணமே அதுதான்! யோசிச்சுப் பாருங்க. ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்த நாலு டிஸ்குகள். ஒரே சூடு, ஒரே அதிர்வு, ஒரே மின்சாரம், ஒரே வேலைச்சுமை. இவை எப்படித் தனித்தனியாகச் சாகும்?

மூல ஆசிரியர்களுக்கு இது தெரியாமல் இல்லை. பூகம்பமோ மின்னழுத்த ஏற்றமோ வந்தால் இந்த அனுமானம் நிற்காது என்று அடைப்புக்குறிக்குள் எழுதித்தான் வைத்தார்கள். பெர்க்லி வளாகத்தின் வழியாகவே ஒரு நிலப்பிளவு ஓடுகிறது, பூகம்பம் ஞாபகம் வராமல் இருக்குமா? படித்தவர்கள்தான் அடைப்புக்குறியைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

2007-ல் இதைச் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே கார்த் கிப்சன்! பியாங்கா ஷ்ரோடருடன் சேர்ந்து, பெரிய கம்ப்யூட்டர் மையங்களில் இருந்த சுமார் 1,00,000 டிஸ்குகளின் பதிவேடுகளை அலசினார். தயாரிப்பாளர்கள் சொன்ன கணக்குப்படி வருஷத்துக்கு அதிகபட்சம் 0.88 சதவீதம் டிஸ்குகள்தான் பழுதாகணும். நிஜத்தில் 2 முதல் 4 சதவீதம் மாற்றப்படுவது சகஜம், சில இடங்களில் 13 சதவீதம் வரை. அதைவிட முக்கியம்: ஒன்று போன பிறகு அடுத்தது சீக்கிரமே போகும் வாய்ப்பு, கணக்கு சொன்னதைவிட அதிகமாக இருந்தது. தான் மாணவனாக எழுதிய சூத்திரத்தின் அனுமானத்தை இருபது வருஷம் கழித்துத் தானே போய் உரசிப் பார்த்திருக்கிறார். மனுஷனுக்கு ஒரு ஓ போடலாம்.

இன்னும் நறுக்கென்று ஒரு உதாரணம். 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம் தன் சில எஸ்எஸ்டி ரகங்களைப் பற்றி அவசர அறிவிப்பு விட்டது. உள்ளே இருந்த மென்பொருள் கோளாறால், சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் அவை செத்துப் போகும். மூணு வருஷம், 270 நாள், 8 மணி நேரம். செத்தால் தகவலும் மீளாது. ஒரே நாளில் சர்வரில் மாட்டி ஒரே நேரத்தில் ஸ்விட்ச் போட்டவை ஒரே நேரத்தில் போகும். ஒரு கணக்குப்பிள்ளை இல்லை, பத்து கணக்குப்பிள்ளைகளை வைத்தாலும் இதற்கு மருந்தில்லை. அவர்களும் அதே நேரத்தில்தான் படுப்பார்கள்.

மூன்றாவது விரிசல்: பொய் சொல்லும் டிஸ்க்

புளியங்கொட்டை விளையாட்டில் யார் எழுந்து போனார் என்று தெரிந்தால்தான் கணக்கு நடக்கும். எல்லாரும் உட்கார்ந்திருந்து, ஒருத்தர் மட்டும் கொட்டையை மறைத்துவிட்டால்? மொத்தம் பொருந்தவில்லை என்பது தெரியும், திருடன் யார் என்று தெரியாது. அதுவும் சாதாரண நாட்களில் பெரும்பாலான ரெய்டு அமைப்புகள் சீட்டை எடுத்துப் பார்ப்பதே இல்லை.

டிஸ்க் பொய் சொல்லுமா? சொல்லும். எழுதியதாகச் சொல்லி எழுதாமல் விடும், வேறு இடத்தில் எழுதும், ஓரிரு பிட்களைப் புரட்டும். 2008-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகம், நெட்ஆப் நிறுவனம், டொராண்டோ பல்கலைக்கழக ஆட்கள் சேர்ந்து 15.3 லட்சம் டிஸ்குகளை 41 மாதம் கவனித்த ஆய்வை வெளியிட்டார்கள். 4,00,000-க்கும் மேற்பட்ட இடங்களில் எழுதிய தகவலும் படித்த தகவலும் ஒத்துப்போகவில்லை.

இதற்குப் பதிலாக வந்ததில் முக்கியமானது 2005-ல் சன் நிறுவனம் வெளியிட்ட இசட்எஃப்எஸ். ஜெஃப் பான்விக், மேத்யூ ஆரன்ஸ் குழுவின் வேலை. ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் ஒரு அடையாள எண்ணைக் கணக்கிட்டு, தகவலுக்குப் பக்கத்தில் வைக்காமல் வேறு இடத்தில் வைக்கும். படிக்கும்போதெல்லாம் ஒப்பிடும். பொருந்தவில்லையா, இந்த டிஸ்க்தான் பொய் சொல்கிறது என்று கையும் களவுமாகப் பிடித்து, மற்ற டிஸ்குகளை வைத்துத் திருத்திவிடும். பழைய எழுத்தின் மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதிவிட்டு மாற்றிக்கொள்வதால், கரண்ட் கட் ஓட்டையும் இதன் ரெய்டு முறையில் கிடையாது.

கடைசி விரிசல்: நாமதான்

இதுவரை சொன்னதெல்லாம் இயந்திரத்தின் குற்றம். அடுத்தது நமக்கு ரொம்ப நெருக்கமானது.

ஜர்னல்ஸ்பேஸ் என்று ஒரு வலைப்பதிவுத் தளம் இருந்தது. 2002-ல் ஆரம்பித்தது, ஆயிரக்கணக்கானவர்கள் எழுதி வந்தார்கள். 2008 டிசம்பரில் அதன் தகவல் தளம் முழுவதும் அழிந்தது. சர்வரில் ரெண்டு டிஸ்க், கண்ணாடிப் பிரதி முறை. டிஸ்குகளுக்கு ஒரு குறையும் இல்லை. தகவலின் மேல் வேறு ஏதோ எழுதப்பட்டுவிட்டது. முதல் டிஸ்கில் எழுதப்பட்டதை இரண்டாவது டிஸ்க் உடனே, ஒரு பிட் பிசகாமல் பிரதி எடுத்தது. அதுதானே அதன் வேலை? அந்தக் கண்ணாடியைத்தான் பேக்கப் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். மீட்பு நிபுணர்கள் பார்த்துவிட்டு எதுவும் மிஞ்சவில்லை என்றார்கள். 2009 ஜனவரியில் தளத்தை மூடினார்கள். பிறகு வேறொருவர் அந்தப் பெயரை வாங்கித் திறந்தாலும், போன பதிவுகள் போனவைதான்.

ஆறு வருஷ எழுத்து! பின்னூட்டச் சண்டைகள், பிறந்தநாள் வாழ்த்துகள், இறந்துபோன நண்பருக்கு எழுதிய அஞ்சலி எல்லாம். பதிவு எழுதுகிற நமக்கு இது என்ன வலி என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ரெய்டு பதில் சொல்லும் கேள்வி ஒன்றே ஒன்று: "ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் ஓடுமா?" நேற்று இருந்ததை இன்று திருப்பித் தருவாயா என்ற கேள்வியை அதனிடம் யாரும் கேட்கவே இல்லை. நாம தவறுதலாக அழித்தால் அது நாலு டிஸ்கிலும் விசுவாசமாக அழிக்கும். வைரஸ் பூட்டினால் நாலிலும் பூட்டும். வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் நாலும் ஒன்றாகவே மிதக்கும்.

டிஸ்க், மனிதன் ரெண்டும் சரியாக இருந்தும் போகலாம். 2009 அக்டோபரில் யாஹூ தன் ஜியோசிட்டீஸ் தளத்தை மூடியது. யூனிகோடுக்கு முந்தைய காலத்துத் தமிழ் இணையப் பக்கங்கள் நிறைய அங்கேதான் குடியிருந்தன. கடைக்காரர் கடையை மூடினால் எந்தப் பேரிட்டி வந்து காப்பாற்றும்?

சரி, இப்ப என்ன நிலவரம்?

பெரிய நிறுவனங்கள் டிஸ்குகளைச் சேர்ப்பதை விட்டு, கம்ப்யூட்டர்களையே சேர்க்க ஆரம்பித்தன. கூகுள் 2003-ல் வெளியிட்ட கட்டுரையில், ஒவ்வொரு துண்டையும் மூன்று வேறு வேறு கம்ப்யூட்டர்களில் வைக்கும் முறையை விவரித்தது. பேக்பிளேஸ் நிறுவனம் 2015-ல் சொன்ன முறையில், ஒரு கோப்பை 17 துண்டாக்கி, 3 கூடுதல் துண்டு சேர்த்து, 20 தனித்தனிப் பெட்டிகளில் பரப்புகிறார்கள். எந்த மூன்று பெட்டி போனாலும் கவலையில்லை. அடியில் ஓடுவது அதே புளியங்கொட்டைக் கணிதத்தின் பெரியண்ணன்தான்.

வீட்டுக்கு? என் சிற்றறிவுக்கு எட்டியது. ரெண்டு டிஸ்க் பெட்டியா, ரெய்டு 1. நாலு பெரிய டிஸ்கா, ரெய்டு 6, அல்லது கண்ணாடி ஜோடிகளை வரிசையாக அடுக்கும் ரெய்டு 10. ரெண்டிலும் பாதி இடம்தான் கையில் நிற்கும், பரவாயில்லை. ரெய்டு 5-ஐப் பெரிய டிஸ்குகளில் தவிர்த்துவிடுங்க. ரெய்டு 0, திரும்பச் செய்துகொள்ளக்கூடிய தற்காலிக வேலைகளுக்கு மட்டும். டிஸ்குகளை முடிந்தால் வேறு வேறு கடையில், வேறு வேறு மாதத்தில் வாங்குங்க. தனக்கே தனக்கென்று ரகசிய முறை வைத்திருக்கும் பெட்டிகளிடம் ஜாக்கிரதை. 2007-ல் வந்த ட்ரோபோ, வெவ்வேறு அளவு டிஸ்குகளைக் கலந்து போடலாம் என்று எல்லாரையும் அசத்தியது. அதன் தாய் நிறுவனம் 2022-ல் திவால் மனு போட்டது, 2023-ல் கலைப்புக்கே போனது. அந்தப் பெட்டி பழுதானால் உள்ளே இருக்கும் டிஸ்குகளைப் படிக்க இன்னொரு ட்ரோபோவைத்தான் தேடணும்.

இதையெல்லாம்விட முக்கியம் 3-2-1. பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் பரப்பிய விதி. மூன்று பிரதி, இரண்டு வேறு வகை ஊடகத்தில், ஒன்று வேறு ஊரிலோ குறைந்தபட்சம் வேறு வீட்டிலோ. இதில் ரெய்டு பெட்டி எத்தனை டிஸ்க் வைத்திருந்தாலும் ஒரே ஒரு பிரதிதான். அம்மா வீட்டு பீரோவில் துணிக்கு நடுவே ஒரு ஐந்தாயிரம் ரூபாய் வெளி டிஸ்க், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போய்ப் புதுப்பித்துவிட்டு வந்தால், பல லட்ச ரூபாய் ரெய்டு செய்யாத காரியத்தை அது செய்யும். அம்மாவையும் பார்த்த மாதிரி இருக்கும்.

இதைப் படித்துவிட்டு யாராவது ஒருத்தர் இன்றைக்கே தன் பதிவுகளை முழுசாக இறக்கி ஒரு பென் டிரைவில் போட்டு வைத்தால் எனக்கு அதுவே போதும். வீட்டில் நீங்க என்ன முறை வச்சிருக்கீங்க, எத்தனை வருஷமா ஓடுது என்று பின்னூட்டத்தில் சொல்லுங்க.

டிஸ்கி: ரெய்டு 2, 3 பற்றி விவரமாகச் சொல்லவில்லையே என்று வன்பொருள் வல்லுநர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அதுக்குத் தனிப் பதிவு போட்டா படிக்க நீங்களும் நானும் மட்டும்தான் இருப்போம் :-)